என்சைமுக்கு இட்ட சந்தனப் பொட்டு

அதிகம் படித்தவர்கள் செய்யும் முட்டாள்தனத்துக்குத் தனி அழகு உண்டு. ஒவ்வொன்றுக்கும் காரணம் வைத்திருப்பார்கள். பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது நான் செய்ததும் அந்த ரகம்தான்.

என் கடைசிச் சோதனைக்கு ஒரு என்சைம் வேண்டியிருந்தது. மனித உடம்பில் சுரப்பது. அதன் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் நுழைத்து, கூலியில்லாமல் வேலை வாங்கி (எங்களை வாங்கியது போலவே), வந்ததைச் சுத்தம் செய்து வெளிநாட்டிலிருந்து அனுப்புவார்கள். சுண்டுவிரல் நுனியளவு குப்பியில் ஒரே ஒரு சொட்டு. ஃப்ரீசரை விட்டு வெளியே கிடந்தால் செத்துவிடும். இன்னொன்று வர மாதக்கணக்காகும். எனக்கோ அவ்வளவு அவகாசமில்லை. கருங்குழியிலிருந்து அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: "தை பொறக்கறதுக்குள்ள படிப்ப முடி. இல்லன்னா அந்த மறைமலைநகர் பையனுக்குச் சரின்னு சொல்லிடுவேன்."

குப்பி வந்த வாரமே ஆயுத பூஜை. மைக்ரோஸ்கோப்புக்கும் தராசுக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஞானோதயம். என் தலையெழுத்தையே வைத்திருக்கும் என்சைமுக்குப் பூஜை வேண்டாமா? ஐஸ் நிரப்பிய டம்ளரில் குப்பியைச் செருகி, மூடிமேல் சந்தனம் இட்டு, சரஸ்வதி படத்துக்கு முன்னால் பொரிக்கும் சுண்டலுக்கும் நடுவில் வைத்தேன். கற்பூரம் காட்டியதும் எடுத்துவிடலாம் என்று கணக்கு.

கற்பூரம் அணைந்ததும் கையை நீட்டினேன்.

"பூஜையில வெச்சத நாளைக்கு மறுபூஜை முடியாம எடுக்கக் கூடாதும்மா," என்றார் என் பேராசிரியர். ஊர் ஊராகப் போய் அறிவியல் மனப்பான்மை பற்றிப் பேசுகிறவர். (டம்ளரில் என்ன என்று அவர் கேட்கவில்லை, பயத்தில் நானும் சொல்லவில்லை.) அறையைப் பூட்டிச் சாவியோடு போய்விட்டார்.

மறுநாள் டம்ளரில் வெறும் தண்ணீர். சோதித்துப் பார்த்தால் என்சைமில் உயிரே இல்லை. அழுகை அழுகையாக வந்தது. வெளிநாட்டுக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று பேராசிரியர் கொதித்து, குப்பியின் படத்தோடு புகார் அனுப்பினார். மூடிமேல் மஞ்சளாகப் படர்ந்திருக்கும் பூஞ்சைக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று பதில் வந்தது.

தை பிறந்தது. மறைமலைநகர் பையனுக்கு வழியும் பிறந்தது. பட்டம் வாங்கும்போது என் இடுப்பில் குழந்தை இருந்தது.

இன்றைக்கும் ஆயுத பூஜையன்று அந்தப் பையன் முதல் பொட்டை எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்குத்தான் வைப்பார். கற்பூரம் காட்டிவிட்டு மகளைக் கூப்பிட்டு, எனக்கும் கேட்கும்படி சொல்வார்: "கும்பிட்டுக்கம்மா. அன்னிக்கு உங்கம்மா அந்தக் குப்பிய இப்படி ஒண்ணுக்குள்ளயே வுட்டு வெச்சிருந்தா, நான் தப்பிச்சிருப்பேன்."