ஜாதிக்காய் குடித்த மாப்பிள்ளை

பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்கு வயிறு கலங்கும். பரீட்சை, இன்டர்வியூ, பெண் பார்க்கப் போனது என்று என் வாழ்க்கையின் முக்கியமான கட்டங்களை எல்லாம் நான் பாத்ரூமில்தான் கழித்திருக்கிறேன்.

எங்கள் மாதா கோயிலில் ஒரு வழக்கம். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று பூசையில் அறிவிக்கும் கல்யாண ஓலையை வாசிப்பதற்கு முன்னால் பங்குச் சாமியார் பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்காரவைத்து மந்திரம் கேட்பார். செபங்களைத் தப்பில்லாமல் சொல்லி, முழுச் சம்மதம் என்றும் சொல்ல வேண்டும். தேறினால்தான் ஓலை. அந்தச் சனிக்கிழமை விடிந்ததுமே என் வயிறு வேலையைக் காட்டத் தொடங்கியது.

மங்கலம்பேட்டை நாட்டு மருந்துக் கடை பாய்க்குப் போன் போட்டேன். (வயிறு விஷயத்தில் அவர் எனக்குப் பழைய சிநேகிதர்.)

"ஜாதிக்காய மோருல லேசா ரெண்டு இழை இழைச்சுக் குடிங்க தம்பி, நின்னுடும். ஜாஸ்தி வேணாம், தூக்கத்துல தள்ளிடும்."

இழைப்பதா? நான் விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைப் பட்டறைக்காரன். எங்கள் தொழிலில் எதையும் மாவாக அரைத்தால்தான் திருப்தி. புதுப் பீங்கான் கல்வம் ஒன்றை எடுத்து, முழுக் காயையும் முகப்பவுடர் மாதிரி நைசாக அரைத்து, ஒரே மூச்சில் குடித்தேன். வயிறு நின்றது. சாயங்காலத்துக்குள் மற்றதெல்லாமும் நின்றுவிட்டது.

சாமியார் அறையில் ஃபேன் மெதுவாகச் சுற்றியது. பக்கத்தில் எனக்குப் பேசி முடித்திருந்த ஸ்டெல்லா. பின்னால் சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த அவள் அப்பா. முதல் செபத்தை முடித்தது நினைவிருக்கிறது. இரண்டாவதன் நடுவில் எங்கள் பட்டறைச் சூளையின் கதவு தானாகத் திறந்தது. உள்ளிருந்து என் வெள்ளைப் பொம்மைகள் ஒவ்வொன்றாக இறங்கி, வெதுவெதுப்பான வெளிச்சத்தில் நடந்து போயின. காலடிச் சத்தமே இல்லை. கடைசிப் பொம்மைக்கு ஸ்டெல்லாவின் மூக்குத்தி. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வெகுதூரத்தில் யாரோ கேட்டார்கள். "முழுச் சம்மதம்தானா தம்பி?"

"இன்னும் வேகலைங்க," என்றேன் தெளிவாக. "வெந்து ஆறட்டும். நாளைக்குத் திறந்து பாத்துச் சொல்றேன்."

நாற்காலி கிறீச்சிட்ட சத்தத்தில் விழித்தேன். ஸ்டெல்லாவின் அப்பா எழுந்து நின்றிருந்தார்.

"குடிச்சிட்டு வந்திருக்காரு சாமி. வாம்மா, வூட்டுக்குப் போவலாம்."

விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். கொட்டாவிதான் வந்தது. என் கல்யாணம் கண்ணெதிரே கதவு வரைக்கும் போய்விட்டது.

ஸ்டெல்லா எழுந்திருக்கவில்லை. என் பக்கம் சாய்ந்து மோந்து பார்த்தாள்.

"சாராயம் இல்லப்பா. பாயசத்துல போடுவாங்களே, அந்த ஜாதிக்கா வாசனை." பிறகு என்னிடம் மெதுவாக, "வயிறுங்களா?" என்றாள்.

மானம் போகத் தலையாட்டினேன்.

"எனக்கும் காலையிலேருந்து அதேதாங்க. நான் ஓமத் தண்ணியோட வுட்டுட்டேன்."

அந்த நொடியில் எனக்கு முழுச் சம்மதம் வந்துவிட்டது. சாமியார் அங்கியின் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஓலைய அடுத்த வாரம் வாசிக்கலாம். இன்னிக்கு மாப்பிள்ள தூங்கட்டும்," என்றார்.

கல்யாணத்தன்று பீடத்தில் சம்மதம் கேட்பதற்கு முன், அவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "வெந்துடுச்சா தம்பி?" என்று கேட்டார். சேத்தியாத்தோப்பு வீட்டில் இன்றைக்கும் எனக்கு இலை போட்டால், மாமனார் பாயசக் கரண்டியை மூக்குக்குக் கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றுகிறார்.