காற்று நிற்காத ஃபோர்க்

"மாப்பிள்ளை, மறுபடியும் உக்காந்துடுச்சு!"

பின்வாசலிலிருந்து மாமனாரின் குரல் கேட்டதும், பல் துலக்கிக்கொண்டிருந்த கண்ணாடிக்காரர் வாய் நிறைய நுரையோடு ஓடிவந்தார்.

சுவரோரம் நின்ற மலைச் சைக்கிள் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது. முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் தடித்த குழாய்களுக்கு ஃபோர்க் என்று பெயர். மேல்குழாய் கீழ்க்குழாய்க்குள் இறங்கி ஏறி, குழியும் மேடும் தரும் அடியை வாங்கிக்கொள்ள வேண்டும். அதைத் தாங்கி நிறுத்துவது உள்ளே அடைத்த காற்று. முந்தின நாள் சாயங்காலம் கம்பீரமாக நிமிர்ந்திருந்த ஃபோர்க், விடிந்ததும் அடி வாங்கிய நாய் போல முன்னங்காலை மடக்கிக் கிடந்தது.

"நேத்து நல்லாத்தானே இருந்தது மாமா?"

"காத்தை நம்பின வண்டி அப்படித்தான். நான் ஓட்டின பஸ்ஸுக்கெல்லாம் பட்டை ஸ்பிரிங். இரும்பு! 'இன்னிக்கு உடம்பு சரியில்ல, வரமாட்டேன்'னு அது ஒரு நாளாவது சொல்லியிருக்கா?"

கண்ணாடிக்காரர் குழாயடிக்குத் திரும்பினார். வாயில் நுரை இருந்தது.

மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவர் வேலை. மனைவி போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வதென்று தெரியாமல் வாங்கிய சைக்கிள் அது. ஊருக்கு வெளியே ஒரு மலைப்பாதை இருந்தது. இன்னும் ஒரு தடவைகூட அவர் அங்கே போய்ச் சேரவில்லை.

மாமனார், மகளின் நோயைப் பார்த்துக்கொள்ள வந்தவர். பார்த்துக்கொண்டார். அதன்பின் யாரும் அவரை இருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. காலையில் ஒருவர் பால் வாங்கினார், மற்றவர் காய்ச்சினார். இருவரும் பேசிக்கொள்ள விஷயம் என்று அதிகம் இருந்ததில்லை. பேசுகிற ஆள் போய்விட்டாள்.

அண்மையில் மச்சினன் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தான். "பிள்ளை நான் இருக்கும்போது மருமகன் வீட்ல எத்தனை நாள்ப்பா இருப்பீங்க? ஞாயித்துக்கிழமை கிளம்பி வாங்க."

"வரேன்ப்பா. இங்க சைக்கிள் ஒண்ணு ரிப்பேரா நிக்குது. அது முடியட்டும்," என்றார் மாமனார். போனை வைத்துவிட்டு மாப்பிள்ளையிடம் விளக்கமும் சொன்னார். "ரிப்பேர் வண்டியை அப்படியே போட்டுட்டு நான் டியூட்டி இறங்கினதில்ல. சர்வீஸ்ல ஒருநாளும் கிடையாது."

பாவம், பெரியவர் பிள்ளை வீட்டுக்குப் போக ஆசைப்படுகிறார், என் சைக்கிள் அவரைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று கண்ணாடிக்காரர் நினைத்தார். நினைக்கும்போது நெஞ்சில் ஏதோ உறுத்தியது. ஆனாலும் நியாயம் நியாயம்தான். எப்படியாவது ஃபோர்க்கைச் சரிசெய்து அவரை அனுப்பிவைக்க வேண்டும்.

முதலில் சக்கரத்துக்குக் காற்றடிக்கும் பம்பைக் கொண்டுவந்தார். இடது குழாயின் தலையிலிருந்த மூடியைத் திருகி எடுத்துப் பம்பை மாட்டினார். வியர்க்க வியர்க்க அடித்தார். கழற்றும்போது புஸ்ஸென்று ஒரு சத்தம். அடித்ததில் பாதி வெளியே போயிற்று.

"கோயம்பேடு போற பஸ்ல ஏறி அடுத்த ஸ்டாப்லயே எறங்குற கதையா இருக்கே," என்று சொல்லி மாமனார் வியர்வை துடைக்கத் துணியை நீட்டினார்.

மறுநாள் இதற்கென்றே உள்ள சின்னப் பம்ப் ஒன்று வந்தது. அதில் அழுத்தம் காட்டும் முள் இருந்தது. முள் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்கும் ஆவலில் கண்ணாடிக்காரர் அடித்துக்கொண்டே போனார். ஃபோர்க் உலக்கையாகிவிட்டது. தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கியவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"என்ன மாப்பிள்ளை?"

"நாக்கைக் கழிச்சுக்கிட்டேன்," என்றார் கடிபட்ட நாக்கு குழற.

"என்னது?"

"கழிச்சுக்கிட்டேன் மாமா, கழிச்சுக்கிட்டேன்!"

பக்கத்து வீட்டு மாடி ஜன்னலில் தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்த அம்மாள் சிரிப்பை அடக்கத் துணியைக் கடித்தாள். கண்ணாடிக்காரர் வீட்டுப் பின்வாசல் முழுவதும் அவள் ஜன்னலுக்குக் கீழேதான் இருந்தது. வெளிச்சத்துக்காக விடியும்போதே அங்கே வந்து உட்கார்ந்துவிடுவாள்.

மறுநாள் காலை உலக்கையும் உட்கார்ந்திருந்தது.

கண்ணாடிக்காரருக்கு இப்போது கோபம் போய் ஆவல் வந்துவிட்டது. போன காற்று எந்த வழியாகப் போயிருக்கும்? சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். கடையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொண்டுவந்து குழாயை மேலிருந்து கீழ்வரை படித்தார். ஒரு கீறல்கூட இல்லை. ஆகவே கோளாறு உள்ளேதான். கழற்றிப் பார்த்துவிட வேண்டியதுதான்.

கழற்றும் விதத்தைத் கைபேசியில் ஒரு வீடியோவாகப் பார்த்தார்கள். அதில் வந்த மனிதன் எல்லாவற்றையும் ஒரு சிரிப்போடு செய்து முடித்தான்.

"அடியில இருக்கிற ஆணியைத் தளர்த்தி, மெதுவா ஒரு தட்டுத் தட்டணுமாம்," என்றார் கண்ணாடிக்காரர். "நீங்க பிடிச்சுக்கங்க மாமா."

"பிடிச்சுட்டேன். தட்டுங்க."

மெதுவாகத் தட்டினார். ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் பலமாகத் தட்டினார். கீழ்க்குழாய் சட்டென்று கழன்று மாமனாரின் கையோடு வந்தது; அதிலிருந்த ஆயில் முழுவதும் வீச்சாகப் பறந்து, வெயில் காட்டுவதற்காக அவர் திறந்து வைத்திருந்த பெட்டிக்குள் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்காகத் தேய்த்து மடித்த வெள்ளைச் சட்டைகள் அத்தனையும் அதில்தான் இருந்தன.

இருவரும் பெட்டியைப் பார்த்தார்கள்.

"அவ இருந்திருந்தா," என்றார் மாமனார், "நம்ம ரெண்டு பேரையும் இன்னிக்கு வாசல்லயே படுக்க வெச்சிருப்பா."

"படுக்கவா? நிக்க வெச்சிருப்பா."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு நின்றதும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஆளுக்கொரு சட்டையை எடுத்துக் குழாயடிக்குப் போனார்கள். கறை போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணம்தான் போயிற்று.

திரும்பப் பூட்டி முடித்தபோது விரித்திருந்த செய்தித்தாளில் ஒரு ரப்பர் வளையம் மிச்சமிருந்தது.

"இது எங்கேர்ந்து வந்தது?" என்றார் கண்ணாடிக்காரர்.

"எதுக்கு இருக்கோம்னே தெரியாம வீட்ல ஒண்ணு ரெண்டு இருக்கத்தான் செய்யும்," என்றார் மாமனார். "ஒரு ஓரமா வைங்க, கிடக்கட்டும்."

அந்த வளையம் எதற்கு இருந்தது என்பது சீக்கிரமே தெரிந்தது. இப்போது மேலே காற்றும் நிற்கவில்லை, கீழே ஆயிலும் நிற்கவில்லை. போதாக்குறைக்கு, குழாய் சரளமாக வழுக்கவில்லை என்று கண்ணாடிக்காரர் தன் தொழில் அறிவையும் அதில் காட்டினார். வில்லையைப் பளபளப்பாக்கும் பசை ஒன்று கடையில் உண்டு. கண்ணாடியையே வழவழப்பாக்குவது குழாயை ஆக்காதா? தாராளமாகத் தடவினார். அதன்பின் கைப்பிடியை அழுத்தும்போதெல்லாம் ஃபோர்க் கிளிக்குஞ்சு மாதிரி கீச்சிட்டது.

"முன்னே ஊமையா இருந்தது. இப்ப பேச ஆரம்பிச்சிருக்கு," என்றார் மாமனார். "முன்னேற்றந்தான்."

மறுபடி மச்சினன் கூப்பிட்டான். இந்த ஞாயிற்றுக்கிழமை தானே காரோடு வருவதாகச் சொன்னான். சட்டையில்லாவிட்டால் சட்டையில்லாமல் வரட்டும் என்றும் சொன்னான்.

வேறு வழியில்லாமல் கண்ணாடிக்காரர் சைக்கிளை ரிப்பேர் கடைக்கு உருட்டிப் போனார். கடைக்காரர் ஒரு குழாயைக் கழற்றி விரலால் தடவி முகர்ந்து பார்த்தார்.

"யாரு சார் இதுக்குள்ள மணலைப் போட்டது?"

"மணல் இல்ல. அது பாலிஷ்."

"அடப் பாவமே! அரைச்சு எடுத்திருக்கே."

கழுவித் துடைத்து, கசிவைத் தடுக்கும் புதுச் சீல்கள் போட்டு, ஓரமாகக் கிடந்த வளையத்தையும் அதன் இடத்தில் உட்கார வைத்து, காற்றடைத்த குழாயைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காட்டினார். ஒரு குமிழிகூடக் கிளம்பவில்லை.

"மேல காத்தைப் பிடிக்கிற சீல் நல்லாத்தான் சார் இருந்தது. எதுக்கும் இருக்கட்டும்னு அதையும் மாத்திட்டேன். இனிமே இதை நீங்களா இறக்கினாத்தான் இறங்கும்."

சனிக்கிழமை மாலை சைக்கிள் நிமிர்ந்த தலையோடு வீடு வந்தது. மாமனார் கைப்பிடியில் இரண்டு கையையும் ஊன்றி அழுத்தினார். ஃபோர்க் பதமாக இறங்கி, சத்தமில்லாமல் மேலே வந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடி வந்தது.

"சரியாயிடுச்சு," என்றார்.

"ஆமா மாமா."

"நல்ல வேலைக்காரன்."

"ஆமா."

"அப்ப சரி," என்று உள்ளே போய்ப் பெட்டியை எடுத்தார்.

கண்ணாடிக்காரர் அறை வாசலில் போய் நின்றார். சொல்ல வேண்டியதைக் கடையில் வில்லை தேய்த்தபடியே ஒத்திகை பார்த்திருந்தார். 'மாமா, நீங்க இங்கேயே இருந்துடுங்களேன்.' சின்ன வாக்கியம்தான். ஆனால் பெண்ணே இல்லாத வீட்டில் பெண்ணின் அப்பாவை எந்த உறவைச் சொல்லி நிறுத்துவது? பிள்ளை காரோடு வருகிறான். அவரும் பெட்டியை எடுத்துவிட்டார்.

"மாமா..."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"சோப்பு டப்பா எடுத்து வெச்சுக்கிட்டீங்களா?"

"வெச்சுட்டேன்."

"அப்ப சரி," என்று இவரும் வந்துவிட்டார்.

மாமனார் குளிக்கப் போனார். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கண்ணாடிக்காரர் பின்வாசலுக்குப் போய்ச் சைக்கிள் முன்னால் குந்தினார். இத்தனை நாள் இதோடு பட்ட பாட்டையெல்லாம் நினைத்துப் பார்த்தார். பிறகு இடது குழாயின் மூடியைத் திருகி எடுத்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடிச் சட்டத்துக்குத் திருகாணி முடுக்கும் குட்டித் திருப்புளியை எடுத்து, நடுவிலிருந்த ஊசியை அழுத்தினார். தண்ணீர்ச் சத்தம் நிற்பதற்குள் காற்று முழுவதும் போய்விட்டது. மூடியைப் பழையபடி திருகிவிட்டு, திருடன் போல உள்ளே வந்து செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்பார்த்த குரல் வந்தது. ஆனால் எதிர்பார்த்த மாதிரி வரவில்லை.

"மாப்பிள்ளை! ஐயோ, மாப்பிள்ளை!"

ஆச்சரியப்படும் முகம் ஒன்றைத் தயார் செய்துகொண்டு கண்ணாடிக்காரர் வெளியே வந்தார். மாமனார் படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அடடா, மறுபடியும் இறங்கிடுச்சா?"

"விளையாட்டில்ல மாப்பிள்ளை. இது நிஜமாவே ரிப்பேர். பெரிய ரிப்பேர்."

"கடைக்காரர் புதுச் சீல் போட்டாரே..."

"என்னத்தைப் போட்டான்? ஆளைக் கூப்பிடுங்க. ஆசையா வாங்கின வண்டி, இப்படி ஒரேயடியா போயிடுச்சே!"

அந்த நடுங்கும் குரலைக் கேட்டதும் கண்ணாடிக்காரருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. பிள்ளை வீட்டுக்குப் போக இவ்வளவு தவித்திருக்கிறாரே இந்த மனிதர். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தபோது தெருவில் கார் ஒலியெழுப்பியது.

மச்சினன் உள்ளே வந்து பெட்டியையும் சைக்கிளையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"கிளம்பலாமாப்பா?"

"எப்படிடா கிளம்பறது? வண்டி படுத்திருக்கு, பாரு."

"ஒரு சைக்கிளுக்காகவா? அது உங்க வண்டிகூட இல்லப்பா!"

"நான் கூட இருந்து கழட்டின வண்டி. ரிப்பேரோட விட்டுட்டு எறங்கமாட்டேன். போன வாரம் வரைக்கும்கூடப் பரவாயில்ல, இப்ப முடியவே முடியாது."

"அத்தான், நீங்களாவது சொல்லுங்க."

கண்ணாடிக்காரர் சைக்கிளைப் பார்த்தார். சொல்லத் திறந்த வாய் வேறு எதையோ சொல்லிற்று.

"கழட்டிப் பூட்ட ரெண்டு ஆள் வேணும், மச்சான். ஒருத்தர் பிடிச்சுக்கணும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"காத்து சமாசாரம். சொல்ல முடியாது."

"வேலை முடிஞ்சா சொல்லியனுப்புங்க. நான் பெட்ரோலைச் செலவழிச்சு சைக்கிள் பார்க்க வரமுடியாது," என்று மச்சினன் காரை எடுத்துக்கொண்டு போனான். அவனை அனுப்பிவிட்டு மாமனார் ஸ்பேனர் தேடத் தள்ளாடியபடி உள்ளே போனார்.

கண்ணாடிக்காரர் படியில் உட்கார்ந்தார். நிம்மதியாகவும் இருந்தது, குற்றவுணர்ச்சியாகவும் இருந்தது. பம்பை எடுத்து இப்போதே காற்றடித்துவிடலாமா என்று யோசித்தார்.

மாடி ஜன்னலில் தையல் இயந்திரம் நின்றது.

"பெரியவர் ரொம்ப ஒடிஞ்சு போயிட்டாரே சார்."

"ஊருக்குப் போக முடியலையேன்னு வருத்தம்மா."

"அட, அது இல்ல சார்! தினம் விடியறப்ப மூடியைத் திறந்து புஸ்ஸுன்னு காத்தை எறக்கிட்டுத்தானே உங்களை எழுப்புவாரு? இன்னிக்கு அமுக்கி அமுக்கிப் பாத்தாரு, ஒரு சொட்டுக் காத்து வரல. 'ஐயோ, நெசமாவே கெட்டுப்போச்சே'ன்னு அப்படியே படியில உக்காந்துட்டாரு!"