ஏர்போர்ட்டு போட்ட நேரக் கணக்கு

சென்னை பிளேனோ திருச்சி பிளேனோ, எங்கள் திண்டிவனம் கார் ஸ்டாண்டில் நிற்கும் டிரைவர் 'ஏர்போர்ட்டு' தலையாட்டிய பிறகுதான் ரெக்கையை விரிக்கும். அப்பேர்ப்பட்ட ஆள். பிளேனில் அவர் கால் வைத்ததில்லை. ஆனால் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் அவரை மிஞ்ச விழுப்புரம் ஜில்லாவில் இனிமேல்தான் ஒருவர் பிறக்க வேண்டும்.

வளவனூர்க்காரர் ஒருவரை மத்தியானப் பிளேனுக்கு விடியும்போதே இறக்கிவிட்டார்.

"யோவ், பிளேனே இன்னும் பல்லு வெளக்கல, அதுக்குள்ள இட்டாந்துட்டியே!"

"அது உனக்காகக் காத்துக்கினு இருக்காது. நீதான் காத்துக்கினு இருக்கணும்."

என் பிள்ளைகள் இரண்டு பேருமே பிளேனில் போகிறவர்கள். மகன் துபாயில் வேலை. மகளைத் திருச்சியில் கொடுத்தேன். அவள் கல்யாணத்துக்கு அண்ணன்காரனுக்கு லீவு கிடைக்கவில்லை. அன்றையிலிருந்து அவள் அவனோடு போனில்கூடப் பேசவில்லை. போன தை மாதம் அவன் காலை ஒன்பது மணிக்குச் சென்னையில் இறங்குகிறான். அதே நாள் அவள் புருஷனோடு சிங்கப்பூர் போக, சாயங்காலம் நாலரைக்குத் திருச்சி ஏர்போர்ட்டுக்குள் நுழைய வேண்டும். அதற்குள் இரண்டு பேரையும் நேருக்கு நேர் நிறுத்திவிட வேண்டும் என்று எனக்குத் தவிப்பு. ஏர்போர்ட்டிடம் போய் நின்றேன்.

"ஏம்பா, அந்த ஏர்போர்ட்டுலேர்ந்து இந்த ஏர்போர்ட்டுக்கு எம்மா நேரம் ஆவும்?"

"முந்நூறு கிலோமீட்டருக்கு மேல யம்மா. போனு அஞ்சரை மணி நேரம்னு காட்டுது."

"நீ இன்னா சொல்ற?"

"ஆறு. வழியில டோல்கேட்டு இருக்குது. அப்பறம் அண்ணன் தங்கச்சி பாத்ததும் அழுவாங்க, நீ கூடச் சேந்து அழுவ. அதெல்லாம் போனுக்கு இன்னா தெரியும்?"

பத்து மணிக்குச் சென்னையில் அவனை ஏற்றினார். திண்டிவனம் பைபாஸில் நான் ரோட்டிலேயே மகனைக் கட்டிக்கொண்டேன்.

"ஜல்தி ஏறு யம்மா! ஓடுற வண்டியில அழு, நின்னுக்கினு அழாத."

விக்கிரவாண்டி வந்ததும் மகன் கெஞ்சினான். "பிரியாணிக் கடைண்ணே. நாலு வருசமா கனவுலயே துன்னுக்கினு இருக்கேன்."

"இன்னிக்கும் கனவுலயே துன்னு" என்று வறுத்த மல்லாட்டைக் கடலைப் பொட்டலம் ஒன்றை அவன் மடியில் போட்டார்.

பெரம்பலூர் தாண்டியதும் லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. அரை மணி நேரம் ஒரு சக்கரம் நகரவில்லை. ஏர்போர்ட்டு வாட்சைப் பார்த்தார்.

"அழுவறதுக்கு வெச்ச நேரம் காலி. அங்க போயி யாரும் அழக்கூடாது, சொல்லிட்டேன்."

நாலு இருபத்தைந்துக்குத் திருச்சி ஏர்போர்ட்டு வாசலில் நின்றோம். பெட்டி வண்டியைப் பிடித்தபடி மகள் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இப்பதான் வர்றியா என் கல்யாணத்துக்கு?"

"சாப்பாடு மிச்சம் இருக்குதா பாப்பா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறியது. மருமகன் மணியைப் பார்த்தார். ஏர்போர்ட்டு குறுக்கே போய் நின்றுகொண்டார்.

"இன்னும் அஞ்சு நிமிசம் இருக்குது மாப்ள. அழட்டும் வுடு."

போன வாரம் பனமலை ஏறி, மகன் பேருக்கும் மகள் பேருக்கும் அர்ச்சனை செய்தேன். இன்னும் ஒருவருக்குச் செய்யணும் என்றேன். குருக்கள் பேர் கேட்டார். அப்போதுதான் விழித்தேன். இத்தனை வருஷத்தில் அவர் பேரை நான் கேட்டதே இல்லை.

"ஏர்போர்ட்டுன்னே சொல்லுங்க சாமி. எம் புள்ளதான்."