கடைக்குட்டியின் சீதனவீடும் ஆற்றங்கரை முதலையும்

கண்ணகை அம்மன் துணை

செட்டிபாளையம்,
ஆற்றங்கரைப் பக்கம் (வரவர மிகவும் பக்கம்).

பேரன்புக்குரிய மச்சான் பூபாலபிள்ளை அவர்களுக்கு,

உங்கள் தங்கை சீதேவிப்பிள்ளையின் கணவன் நல்லரத்தினம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இந்த வரியை எழுதும் வரைக்கும் நாங்கள் எல்லோரும் சுகம். அடுத்த வரிக்கு நான் பொறுப்பேற்க முடியாது. வெல்லாவெளியில் நீங்களும் மச்சாளும் சுகமாக இருக்கவும், வயல்வட்டையில் வேளாண்மை நன்றாக விளையவும், யானைகள் உங்கள் வேலியை விட்டு வேறு யாருடைய வேலிக்காவது போகவும் அம்மனை வேண்டுகிறேன்.

ஃபோன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். நான் ஃபோனில் ‘ஹலோ’ என்றாலே குசினி அடுப்படியில் இருந்து உங்கள் தங்கை ‘ஆரு?’ என்கிறாள். உடனே மூத்தவள் வீட்டிலிருந்து ‘ஆரு அப்பா?’ வருகிறது, நடுவிலாள் வீட்டிலிருந்தும் வருகிறது. இது அவர்கள் காதில் விழக்கூடாத விஷயம். என்னோடு தூண்டில் போடுகிற யாக்கோப்பு நாளைக்கு வெல்லாவெளிக்கு ஒரு அலுவலாக வருகிறான். அவன் கையில் கொடுத்து விடுகிறேன்.

பெண்பிள்ளைக்குக் கலியாணம் என்றால் இருக்கிற வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் வளவின் பின்பக்கம் ஒதுங்குவது எங்கள் வழக்கம். அதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் மாப்பிள்ளையாக வந்து றோட்டோர வீட்டில் ஏறியபோது உங்கள் அப்பா தான் குந்தியிருந்த கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்னுக்குப் போனார், எனக்கு அது சரியாகவே பட்டது. பிறகு மூத்தவள் கம்சாயினிக்கு ஜெயந்தன் மாப்பிள்ளையாக வந்தான், றோட்டோர வீட்டைக் கொடுத்துவிட்டு நடு வீடு கட்டிக்கொண்டு போனோம். தனுஷியாவுக்குக் கலியாணம் வந்தது, நடு வீட்டையும் கொடுத்துவிட்டு, கல்லடுக்கிக் கூரைக்குச் சீற்றுப் போட்ட பின் வீட்டுக்குப் போனோம். இப்போது கடைக்குட்டி விதுர்சிகாவுக்குப் பொருத்தம் சரிவந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். பின் வீட்டையும் கொடுத்தால், மச்சான், அதற்குப் பின்னால் நாலு தென்னை, தண்ணீரோரம் புதராய் ஒரு கண்ணாப் பற்றை, அதற்குப் பிறகு ஆறுதான். முப்பது வருஷம் கல்முனை பஸ்ஸில் கொண்டக்டராக நின்று ‘பின்னுக்குப் போங்க, பின்னுக்குப் போங்க’ என்று சனத்தைத் தள்ளிய எனக்கு, பின்னுக்கு இடம் முடியும் என்ற விஷயம் இந்த வயதில்தான் விளங்குகிறது.

இடம் முடிந்தால் பரவாயில்லை, முடிகிற இடத்தில் ஒருவர் இருக்கிறார். அதையும் சொல்கிறேன். பென்சன் எடுத்த பிறகு எனக்குத் தூண்டிலை விட்டால் வேறு பொழுதுபோக்கு இல்லை. பின்னேரம் நானும் யாக்கோப்பும் கரையில் குந்தியிருந்து, பிளேன்ரீ குடித்து, மீன் பிடிபடாததற்கு ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருப்போம். போன கிழமை அப்படி இருக்கும்போது முன்னால் தண்ணீரில் ஒரு மரக்கட்டை கிடந்தது. நேற்று அது அங்கே இல்லையே என்றேன். “தண்ணியில அடிபட்டு வந்திரிக்கும், சும்மா இரி” என்றான் யாக்கோப்பு. அப்போது அந்த மரக்கட்டை கண்ணை மூடித் திறந்தது. யாக்கோப்பு சேசுவே என்றான், நான் அம்மாளே என்றேன், இரண்டு பேரும் ஒரே வேகத்தில்தான் ஓடினோம். என் இடுப்புச் சாறன் பற்றையில் மாட்டிக்கொள்ள, மிச்சத்தோடு நான் நடு வீட்டு வாசலில் போய் விழுந்தேன். அங்கே தனுஷியாவின் மாமியார் பலகாரத்தோடு வந்து இருந்தார். அன்றைக்குப் போன மனுஷி இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை. அதற்காகத் தனுஷியா எனக்கு மறுநாள் இறால் கறி வைத்துக் கொண்டுவந்தாள். எங்களுடைய இரண்டு வாத்துகளையும் அதே மறுநாள் காணவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. வனவிலங்குக் கந்தோருக்குப் போய் முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். இரண்டு பேர் வந்து பார்த்தார்கள், முதலை இருப்பது உண்மை என்று ஒத்துக்கொண்டார்கள், ‘முதலை! கவனம்!’ என்று ஒரு பலகையை நட்டுவிட்டுப் புறப்பட்டார்கள். பிடிக்கமாட்டீர்களா என்று கேட்டேன். “ஐயா, அது அதுட இடம், நாங்க ஒண்ணும் செய்யேலாது” என்றார் பெரியவர். முதலைக்கு இது உன் இடம் என்று சொல்லக் கந்தோரில் ஆள் இருக்கிறது, மச்சான்! அடுத்த நாள் காலையில் போய்ப் பார்த்தால் ஜெயந்தன் அந்தப் பலகைக் காலில் நூலைக் கட்டி அளந்துகொண்டு நிற்கிறான். “மாமா, இந்தக் கால் நல்ல உறுதி. இதையே மூலையா வெச்சா ஒரு அறையும் குசினியும் வடிவா வரும். ஆத்துக் காத்து, ஒங்களுக்கு ஃபேனே தேவப்படாது” என்றான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, நல்ல எண்ணத்தில் சொன்னான், அதனால்தான் நூலின் மற்ற நுனியை நானே பிடித்துக் கொடுத்தேன். உள்ளே வந்து உங்கள் தங்கையிடம் முறையிட்டேன். “எங்கட அம்மாவும் அப்பாவும் பின்னுக்குப் போகல்லையா?” என்றாள். அவர்கள் போன இடத்தில் முதலை இல்லையே என்றேன். “மறுகா என்ன? ஒங்கட எலும்பு அதுக்கு எந்த மூலைக்குக் காணும்? சும்மா பயந்து சாகாம தேங்காயத் திருவுங்க” என்றாள். திருவினேன்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. முதலைக்கு மட்டும் என்றால் வேலி அடித்துச் சமாளிப்பேன். மாரியில் ஆறு பெருகினால் இப்போதே பின் வீட்டுப் படி நனைகிறது. அதற்கும் கீழே போய் இருந்தால் தண்ணீர் எங்களை எழுப்பாமலே கொண்டுபோய்விடும். ஆனால் அதுவும் இல்லை. பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், மருமக்களும் தங்கமானவர்கள், ஒருவரும் என்னைப் போ என்று சொன்னதில்லை. யாரும் சொல்லாமலே நான் இவ்வளவு தூரம் வந்து நிற்கிறேனே, அதுதான் எனக்குப் பயம். கம்சாயினியின் மகளுக்கு ஒன்பது வயது. அவள் வளர்ந்து பந்தலுக்கு வரும்போது நான் எங்கே போய் நிற்பது?

ஆகையால் உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். நீங்கள் தாய்மாமன், உங்கள் சொல்லுக்கு மேலே இந்த வளவில் சொல் இல்லை. ஞாயிறு வந்து நடுவில் இருந்து, ‘பின் வீடு தாய் தகப்பனுக்கு, பிள்ளைக்கு வேறு ஒழுங்கு செய்வோம்’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். என்ன ஒழுங்கு என்று யாராவது கேட்டால் இருமுங்கள். அதுவும் சரிவராவிட்டால் உங்கள் வட்டையில் இருக்கும் காவல் வாடிக் குடிசையை எங்கள் இருவருக்கும் தாருங்கள். யானை வருகிறது என்றால் மரம் முறிகிற சத்தமாவது முன்னுக்கு வரும். முதலையிடம் அந்த மரியாதை கிடையாது.

மச்சாளுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. அம்மாள் கிருபையால் நீங்கள் எல்லோரும் மேட்டு நிலத்திலேயே நெடுங்காலம் வாழவேண்டும்.

இப்படிக்கு,
இன்னும் முழுசாக இருக்கும் உங்கள் மச்சான்,
க. நல்லரத்தினம்

பி.கு.: உறையை ஒட்டிய பிறகு கிழித்துத் திரும்ப எழுதுகிறேன். மாப்பிள்ளைப் பொடியன் யதுர்ஷன் ஞாயிறு வரை பொறுக்காமல் இன்று பின்னேரமே தனியாக வந்துவிட்டான். வீட்டை எட்டியும் பார்க்கவில்லை. நேரே கரைக்குப் போய்ப் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, “மாமா, எனக்கு வீடு வேணாம், இந்தக் கரைத்துண்டு மட்டும் காணும்” என்றான். அதில் இரண்டு குடில் போட்டு, படகு விட்டு, வெளிநாட்டு ஆட்களுக்கு முதலை காட்டப் போகிறானாம். “நீங்களும் மாமியும் எங்கயும் போக வேணாம், பின் வீட்டுலயே எங்களோட இரிங்க. ஆனா படகுல நீங்கதான் ஆக்களக் கூட்டிப் போகணும். அது எங்க கிடக்கும் எண்டு ஒங்களுக்குத்தானே தெரியும். ஒங்களுக்கு விருப்பமா மாமா?” என்றான். எனக்கு விருப்பமா என்று இந்த வளவில் ஒருவரும் இதுவரை கேட்டதில்லை, மச்சான். விதுர்சிகா பின் வீட்டுக் கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓம் என்று சொல்லிவிட்டேன். ஞாயிறு வரை நிற்க வேண்டாம், யாக்கோப்பு திரும்பும்போது அவனுடைய மோட்டார் சைக்கிளிலேயே ஏறி வந்துவிடுங்கள். எனக்கு நீந்தத் தெரியாது என்பது சீதேவிப்பிள்ளைக்கே இன்னும் தெரியாது.