பின்னூட்டங்களுக்கு உடனுக்குடன் பதில் தரப்படும்

வலைப்பூத் தொழிலதிபர் என்றொரு இனம் நம்மிடையே பெருகிவருவதைக் கவனித்திருப்பீர்கள். இவருக்கு ஒரு தொழில் உண்டு, சிறியது. அதைப் பற்றி ஒரு வலைப்பூ உண்டு, பெரியது. எது எதற்காகத் தொடங்கப்பட்டது என்பது மட்டும் நாளாக ஆக அவருக்கே மறந்துபோயிருக்கும்.

சிதம்பரம் மேலவீதியில் இணையம் வழியாக விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் கதிரவனைப் பாருங்கள். இரண்டு கணினி, ஒரு ஸ்கேனர், நான்கு பிளாஸ்டிக் நாற்காலி. கடலூரில் ஓர் ஓட்டல் மாடியில் நடந்த ஒருநாள் பயிலரங்கில், "எழுதுங்கள், வாடிக்கையாளர் தானே வருவார்" என்று சொல்லி அனுப்பினார்கள். எழுதினார். வாடிக்கையாளர் வந்தார். உட்கார்ந்தார். இன்னும் உட்கார்ந்திருக்கிறார்.

காலையில் ஊதுபத்தி கொளுத்திய கையோடு வருகையாளர் எண்ணிக்கையைப் பார்ப்பது, அது நகராதிருந்தால் பக்கத்துக் கணினியிலிருந்து தானே ஒருமுறை வருகை தருவது, முதல் ஆளாக வந்து 'மீ த ஃபர்ஸ்ட்டு' என்றவருக்கும் 'அருமை' என்றவருக்கும் சேர்த்து ஒரே நன்றி சொன்னால் பின்னூட்டக் கணக்கு ஒன்றுதானே ஏறும் என்று தனித்தனியாக நன்றி சொல்வது, அந்த நன்றிக்கு நன்றி சொன்னவருக்கு ஒரு சிரிப்புக்குறி போடுவது என்று பொழுது போகிறது. இதற்கு நடுவே தொழில் செய்ய நேரம் ஏது? தொழிலைப் பற்றி எழுதவே போதவில்லை.

வேடிக்கை என்னவென்றால், மனிதர் நன்றாகவே எழுதுவார்.

2011இல் ஒரு நாள். வங்கி கிளார்க் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். மாலை ஐந்து மணியோடு சரி. கிள்ளையிலிருந்து தைலம்மாள் தன் மகள் இலக்கியாவோடு மதியமே வந்து உட்கார்ந்துவிட்டார். இலக்கியாவுக்கு இதை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். கதிரவனோ அன்று காலைதான் 'கடைசி நாளில் விண்ணப்பிப்போர் செய்யும் ஏழு தவறுகள்' என்ற பதிவை வெளியிட்டிருந்தார், பின்னூட்டங்கள் குவிந்துகொண்டிருந்தன.

"அண்ணே, மணி மூணே முக்கா" என்றாள் இலக்கியா.

"இரும்மா. மஸ்கட்லேர்ந்து ஒருத்தர் பாராட்டியிருக்காரு. பதில் போடாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

"அவுருக்கு வயசு தாண்டுதா, எம் பொண்ணுக்கா?" என்றார் தைலம்மாள்.

"ரெண்டே நிமிஷம்க்கா."

நாலேகாலுக்கு இலக்கியா எழுந்தாள். "நீ எடத்தப் புடிச்சிக்கிட்டு இரும்மா, வந்துடறேன்." எதிரே ஜெயராணியின் பிரௌசிங் சென்டர். விண்ணப்பத்தைப் பற்றி ஜெயராணிக்கு எதுவும் தெரியாது. ஆனால் இணையம் இருந்தது. இணையத்தில் கதிரவன் இருந்தார். ஏழு தவறுகளையும் படித்து, ஒவ்வொன்றாகத் தவிர்த்து, நிரப்பிக்கொண்டே போன இலக்கியா கையெழுத்துப் படத்தில் வந்து நின்றாள். ஏற மறுத்தது. மணி நாலே முக்கால். வேறு வழி தெரியாமல் பின்னூட்டப் பெட்டியில் தட்டினாள்: 'ஐயா, கையெழுத்துப் படம் ஏறவில்லை. அவசரம்.'

அரை நிமிடத்தில் பதில் வந்தது. படத்தை எதில் திறப்பது, அளவை எவ்வளவு குறைப்பது, எந்த வகைக் கோப்பாகச் சேமிப்பது, எல்லாம் வரிசையாக. கடைசியில், 'பதறாதீர்கள் சகோதரி, நான் இருக்கிறேன்.'

நாலு ஐம்பத்திரண்டுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

அச்செடுத்த தாளோடு திரும்பிவந்து, "எழுந்திரும்மா, முடிஞ்சிடுச்சி" என்றாள்.

"எங்கடி முடிஞ்சிது? இவுரு இன்னும் இந்தப் பக்கம் திரும்பவே இல்லியே!"

"இவுருதாம்மா சொல்லிக் குடுத்தாரு."

"எப்போ?"

அப்போதுதான் கதிரவன் திரும்பினார். தாளைப் பார்த்தார். எதிர்க்கடையைப் பார்த்தார். கையைவிட்டுப் போன வாடிக்கையாளருக்காக ஒரு கணமேனும் வருந்தியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்?

"பாத்தீங்களாக்கா, வலைப்பூவோட மதிப்பு!" என்றார். தாய்க்கும் மகளுக்கும் முதுகைக் காட்டித் திரும்பி, 'ஒரு வாடிக்கையாளரின் வெற்றிக் கதை' என்று தலைப்பிட்டு எழுதத் தொடங்கினார். அன்றிரவுக்குள் அறுபது பின்னூட்டங்கள். அறுபதுக்கும் தனித்தனியாக நன்றி.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். எப்படியும் நாலைந்து நிமிடம் ஆகியிருக்கும். கொஞ்சம் தலையை நிமிர்த்திப் பாருங்களேன்: மேசைக்கு அந்தப் பக்கம் யாராவது, கையில் தாளோடு, நீங்கள் பார்ப்பீர்களென்று காத்திருக்கிறார்களா?