வெஜிடபிள் அண்ணனின் எட்டு நாற்காலிகள்

விருந்துக்குக் கூப்பிட்டு ஆட்களைப் பசியோடு திருப்பி அனுப்புவதில் குமரி மாவட்டத்தில் வெஜிடபிள் அண்ணனை மிஞ்ச ஆள் கிடையாது. பகைக்காரன் வீட்டுக் கல்யாணமானாலும் பந்தியில் உட்கார்ந்துவிட்டால் நம் இலையில் இரண்டு கரண்டி சோறு விழும். அண்ணன் வீட்டில் ஏழு தட்டு வரும். ஏழையும் வழித்தெடுத்தால் ஒரு கைப்பிடி தேறாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் மேஜையை விட்டு எழுந்த பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு சந்தில் புகுந்து, கால் மணி நேரத்தில் ஜங்ஷன் புரோட்டாக் கடையில் ஒருவரையொருவர் பார்த்துத் தலையைக் குனிந்துகொள்வார்கள். குனிந்த தலைகளில் என்னுடையதும் ஒன்று.

பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். அண்ணன் குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரர். மீன் இல்லாத சோற்றைச் சோறு என்றே ஒப்புக்கொள்ளாதவர். பதினான்கு வருடம் உல்லாசக் கப்பலில் சமையல் வேலை. அந்தக் கப்பலில் ஊரே உட்கார்ந்து தின்கிற பெரிய ஹால் போக, தனியாக ஒரு மேஜை உண்டாம். பன்னிரண்டே பேர். அவர்களுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி, அடுக்களையைச் சுற்றிக் காட்டி, சமையல்காரரே கூட நின்று ஒவ்வொரு தட்டுக்கும் கதை சொல்லிப் பரிமாறுவார். அதற்குப் பெயர் ஷெஃப்ஸ் டேபிள். கடைசி ஐந்து வருடம் அந்த மேஜை அண்ணன் பொறுப்பில் இருந்தது.

2010 வாக்கில் கப்பலை விட்டுவிட்டு நாகர்கோவிலுக்கு வந்தார். நான் மாடியில் குடியிருந்த வீட்டின் கீழ்ப்பகுதியை வாடகைக்கு எடுத்தார். வந்த மாதமே, ஞாயிறுதோறும் எட்டுப் பேருக்கு ஷெஃப்ஸ் டேபிள் நடத்தப் போவதாகத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். மேஜையைச் சுற்றி எட்டு நாற்காலிதான் கொண்டது.

தெருவின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. முதல் விருந்துக்குத் தோவாளைப் பூ வியாபாரி ஒருவர், தலைமுறை தலைமுறையாகச் சுத்த சைவம், குளித்து விபூதி பூசி முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். முதல் தட்டு வந்தது.

"என்னவோய் இது, வாலு இருக்கு?"

"இறாலு, அண்ணாச்சி. மூணே மூணு இறாலு."

"வெஜிடபிள்னுல்லா சொன்னீரு!"

"ஷெஃப்ஸ் டேபிள், அண்ணாச்சி. ஷெஃப்ஸ்... டேபிள்!"

"அதத்தான் நானும் சொல்லுகேன். வெஜிடபிள்!"

பூ வியாபாரி இரண்டு வாழைப்பழத்தைத் தின்றுவிட்டுப் போனார். அண்ணனுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அன்றோடு ஒழிந்தது.

கப்பலில் செய்த எதையும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கிளார்க். கெமிஸ்ட்ரி லேபில் கழித்துப்போட்ட கோட்டுகள் எட்டு என் வழியாகத்தான் அவருக்குப் போய்ச் சேர்ந்தன. ஆசிட் விழுந்து பொத்தலான அந்தக் கோட்டை வேட்டிக்கு மேல் மாட்டிக்கொண்டு, ரிட்டயர்டு தலைமையாசிரியரும் பல் டாக்டரும் இருவர் இருவராக அடுக்களைக்குள் போவார்கள். மூன்றாவது ஆளுக்கு உள்ளே இடம் கிடையாது. "இது அடுப்பு. இது சிலிண்டர். அது எனக்க மனைவி" என்று அண்ணன் கை நீட்டுவார். ஸ்டெல்லா அக்கா தேங்காய்த் துருவலோடு சுவரோடு சுவராக ஒட்டி நிற்பார்.

"இந்த மனுசன் கப்பல்ல கெடந்தப்ப வருசத்துல ரெண்டு மாசம்தான் எனக்குத் தலவேதன. இப்ப பன்னெண்டு மாசமும்" என்று என் மனைவியிடம் வந்து அழுவார்.

சாளை மீனும் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் எங்கள் ஊரில் காசில்லாதவன் சாப்பாடு. அண்ணன் கிழங்கை வெண்ணெய் போல மசித்து, தட்டின் நடுவில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வைத்து, அதன்மேல் சாளையில் ஒரு விரற்கடை துண்டை நிறுத்தி, வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொல்லிக் கொண்டுவந்து வைப்பார். "இது சாம்பிளா, இல்ல இம்புட்டுத்தானா?" என்று தலைமையாசிரியர் ஒரு முறை என் காதில் கேட்டார்.

பசியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவர் கேள்விகளைப் பொறுக்க முடியாது. எதையும் நல்லாயிருக்கு என்று சொல்ல எங்கள் ஊரில் ஒரே சொல்தான்: கொள்ளாம். மாப்பிள்ளை கொள்ளாம், மழை கொள்ளாம், செத்துப்போனவர் ஆள் கொள்ளாம். மேஜையில் யாராவது அதைச் சொல்லிவிட்டால் அண்ணன் கரண்டியைத் தூக்கிவிடுவார்.

"கொள்ளாம்னா என்ன வேய்? உப்பு எங்க நிக்கி? நாக்கு நுனியிலயா, அடித்தொண்டையிலயா? புளி மொதல்ல வந்துதா, மொளகு மொதல்ல வந்துதா? தேங்காப்பாலு முன்னால நிக்கா, பின்னால நிக்கா?"

பல் டாக்டர் வாயில் மீனை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு மறந்தவர் மாதிரி விழிப்பார். பதில் வரும்வரை அடுத்த தட்டு வராது. ஆளின் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே நிற்பார். கப்பலில் படித்த கர்வம் என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம்.

அப்படியில்லை என்று எனக்குச் சொல்லித் தந்தது ஒரு சக்கை, அதாவது பலாப்பழம்.

ஸ்டெல்லா அக்கா உறவுக் கல்யாணத்துக்காகப் புதுக்கடை என்கிற ஊருக்குப் போயிருந்தார். மூன்று நாள் அண்ணன் தனியாக இருந்தார். இரண்டாம் நாளே என் மாடி அறை வரை பலாப்பழ வாசம் ஏறிவிட்டது. மூன்றாம் நாள் தெருவில் போகிறவர்கள் எங்கள் வாசலில் நின்று மூச்சை இழுத்துவிட்டுப் போனார்கள். ஒரு சுளையாவது கேட்கலாம் என்று நான் இறங்கிப் போனேன். கதவுக்குப் பின்னால் சாக்கு மேல் வரிக்கச் சக்கை ஒன்று. அடிப்பாகம் வெடித்துச் சாறு வடிந்து, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. அண்ணன் பக்கத்தில் குத்தவைத்து அதன் முதுகில் விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ரெண்டு நாளு ஆவும் மக்கா. காய் மாதிரிதான் சத்தம் வருது."

நான் சிரித்தேன். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், பிறகு சக்கையைப் பார்த்தார், பிறகு மெதுவாகக் கையை அடியில் விட்டுத் தொட்டுப் பார்த்தார். சாறு ஒட்டிய விரல்களை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"பழுத்துப்போச்சா?"

"அழுவியே போச்சு அண்ணே."

அவர் சொன்னது இவ்வளவுதான். கப்பலில் ஐஸ் அறையில் வழுக்கி, பின்மண்டை அடிபட விழுந்திருக்கிறார். ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை. மூன்றாம் நாள் காலையில் காப்பி வெந்நீராக இருந்தது. வாசம் போயிருந்தது. வாசத்தோடு ருசியும் போயிருந்தது. உப்பு, புளி, உறைப்பு என்று நாக்கில் ஏதோ தட்டுகிறது, எது என்று பிரித்தெடுக்க முடியவில்லை. சொன்னால் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள். அதனால் விருந்தாளிகளிடம் கேட்க ஆரம்பித்தார். உப்பு எங்கே நிற்கிறது, புளி எப்போது வந்தது. அவர்கள் இதுவும் விருந்தில் ஒரு அம்சம் என்று கை தட்டினார்கள். ஐந்து மாதம் அப்படி ஓட்டினார். பிறகு ஒரு நாள், கெட்டுப்போன மீனைப் பன்னிரண்டு பேருக்கும் கதை சொல்லிப் பரிமாறிவிட்டார். விருந்தாளிகளில் ஒரு கிழவி மட்டும் இவர் கையைத் தொட்டு, "உனக்கு உடம்பு சரியில்லையா அப்பா?" என்று கேட்டாளாம். ஒப்பந்தம் முடிந்ததும் இறங்கிவிட்டார். நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். வந்தால் வரும், வராவிட்டால் வராது.

"பின்ன எதுக்கு அண்ணே இந்த விருந்து?"

"ஒவ்வொரு ஞாயிறும் மொதல் கரண்டிய நான்தான் வாயில வைக்கேன் மக்கா. இன்னைக்கு வந்துருமோன்னு."

ஸ்டெல்லா அக்காவுக்குத் தெரியாது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அழுகின சக்கையின் மேல் சத்தியம் செய்யாத குறையாக வாக்குக் கொடுத்தேன். அதன்பிறகு ஞாயிறு காலைகளில் நான் அவருடைய நாக்கானேன். உலகத்தில் இதைவிடக் கேவலமான நாக்கு அவருக்குக் கிடைத்திருக்க முடியாது. பத்து வருடம் மெஸ்ஸில் தின்று வளர்ந்த நாக்கு.

"புளி எப்படி இருக்கு?"

"இருக்கு அண்ணே."

"இருக்குன்னா? அது என்ன, வீட்டுல ஆளு இருக்கான்னா கேட்டேன்?"

அவர் தலையில் அடித்துக்கொள்வார். நான் இன்னொரு கரண்டி குடிப்பேன். இப்படி ஒரு மழைக்காலம் வரை போனது.

அப்போதுதான் அந்த ஃபோன் வந்தது. எடுத்தது ஸ்டெல்லா அக்கா. பேசியது கப்பல் கம்பெனி ஏஜெண்டு. கப்பலில் அண்ணனுக்கு மேலே இருந்த தலைமைச் சமையல்காரர், ஒரு வெள்ளைக்காரர், ஆள் எடுக்கத் திருவனந்தபுரம் வந்திருக்கிறார். புதுக் கப்பலில் அந்த மேஜைக்கு அண்ணன்தான் வேண்டுமாம். நேரில் வந்து அவர் கையால் சாப்பிட்டுவிட்டுப் பேசுகிறாராம். அக்கா யோசிக்கவே இல்லை. "வெள்ளிக்கிழம மத்தியானம் வரச்சொல்லுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அண்ணன் மறுப்பார் என்று நினைத்தேன். அவரோ பெட்டியிலிருந்து பழைய வெள்ளைத் தொப்பியை எடுத்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்.

"நீ கூட இருந்தா சமாளிச்சிரலாம் மக்கா. அங்க போயி நாக்குக்கு வேற ஒருத்தனப் புடிச்சுக்கிடலாம். அந்த மேசைப் பக்கத்துல இன்னொரு தடவ நின்னாப் போதும்."

வியாழக்கிழமை நான் மழையில் நனைந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் காய்ச்சல், மூக்கு இரண்டும் அடைப்பு. மீன் குழம்பை வாயில் வைத்தால் சூடு தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. சொல்லியிருக்க வேண்டும். கஞ்சி போட்டு நிமிர்ந்து நின்ற அந்தத் தொப்பியைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

"உப்பு?"

"சரியா இருக்கு அண்ணே."

"தேங்காப்பாலு?"

"முன்னால நிக்கி அண்ணே."

அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கடைசியில் ஒழுங்காகப் பதில் சொல்லப் படித்துவிட்டேனாம்.

வெள்ளைக்காரர் நல்ல மனிதர். பொத்தல் கோட்டைச் சிரிக்காமல் மாட்டிக்கொண்டு அடுக்களையைப் பார்த்தார். ஸ்டெல்லா அக்கா பட்டுச் சேலையில் முன்னறையில் நின்றார். முதல் தட்டு அவரைத் தாண்டி வந்தபோது அக்காவின் முகம் மாறியதைக் கண்டேன். அண்ணன் கை தவறி எடுத்திருந்தது, பின்கட்டில் மாதக்கணக்காகக் கிடந்த பழைய தேங்காய் எண்ணெய் டின். காறிப்போன எண்ணெய். ஏழு தட்டிலும் அதுதான். வாசலுக்கு வந்த பிச்சைக்காரர்கூட மூக்கைச் சுளித்திருப்பார். அந்த வீட்டில் அதை அறியாதவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

வெள்ளைக்காரர் ஒரு வாய் வைத்தார். நிறுத்தினார். நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கைகளைக் கட்டிக்கொண்டு, அம்மாவின் கிராமத்தில் சாளை பிடிக்கும் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரர் குனிந்து மீதியைச் சாப்பிட்டார். ஏழு தட்டையும், ஒன்று விடாமல், துடைத்துச் சாப்பிட்டார். பிறகு எழுந்து கோட்டைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, தன் மூக்கை விரலால் தொட்டுக்காட்டி, ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார், எப்போதிலிருந்து என்று.

அண்ணன் சிரித்தார், விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த சிரிப்பு. "ரெண்டு வருசம் ஆவப்போவுது சார்" என்று தமிழிலேயே சொன்னார். வெள்ளைக்காரர் அவர் இரண்டு கைகளையும் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டுக் காரில் ஏறினார். அதன்பிறகு ஃபோன் வரவில்லை.

அக்காவுக்குக் கப்பல் வேலை போனது பெரிதாகப் படவில்லை.

"எனக்க மீன் கொழம்பு நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லிச் சொல்லித் தின்னியளே. அது அம்புட்டும் பொய்யா?" என்றார்.

"கொழம்பு ஓர்மையில இருக்கு புள்ள, மறக்கல்ல. அந்த ஓர்மைய வச்சுத்தான் தின்னேன்."

அக்கா உட்கார்ந்து அழுதார். நான் மாடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். என் மூக்கு நான்கு நாளில் சரியாகிவிட்டது. அது எனக்கு வெட்கமாக இருந்தது.

விருந்துகள் நின்றன. அண்ணன் பிறகு அடுப்புப் பக்கமே போகவில்லை. ஆறேழு மாதம் வாசலில் உட்கார்ந்து பஸ்களைப் பார்த்தார். அதன்பின் ஒரு வேலை வந்தது. கடற்கரையோரம், மீனைக் காயவைத்து அரைத்துக் கோழித் தீவனத்துக்கு அனுப்பும் ஒரு கம்பெனி. நாற்றம் தாங்காமல் எந்த சூப்பர்வைசரும் ஒரு மாதம் நிலைக்காத இடம். அண்ணனை மேலும் கீழும்கூடப் பார்க்காமல் எடுத்துக்கொண்டார்களாம். "இந்த ஜில்லாவுலயே இதுக்குத் தகுதியான ஆளு நான் ஒருத்தன்தான் மக்கா" என்று சொல்லிவிட்டு, குடும்பத்தோடு ஊருக்கே போய்விட்டார்.

ஒரு வருடம் கழித்துத்தான் போய்ப் பார்க்க எனக்குத் துணிவு வந்தது. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே நாற்றம் முகத்தில் அறைந்தது. கேட்டுக்கு வெளியே ஒரு முறை வாந்தி எடுத்து, வாயைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். அண்ணன் மெலிந்திருந்தார். அவர் மேஜையில் நானும் உட்கார இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஸ்டெல்லா அக்கா கொடுத்தனுப்பியிருந்த சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து, எனக்கும் ஒரு தட்டில் பாதியைப் போட்டார். நிறையப் போட்டார்.

"இங்க நாத்தம் கொடலப் புடுங்கும்னு எல்லாரும் சொல்லுகான். நெசமாவா மக்கா?"

"சும்மா சொல்லுகானுவ அண்ணே. அப்படி ஒண்ணும் இல்ல."

என் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. நான் சொல்வது பொய் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். தன் பங்குப் பொரித்த மீனையும் எடுத்து என் தட்டில் வைத்தார். நான் மூக்கைப் பொத்தாமல், ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல், அவரோடு இருந்து சாப்பிட்டு முடித்தேன்.