பார்க்காத பத்துப் பேர்

அமராவதிபுதூர்,
வெள்ளிக்கிழமை

பினாங்கில் இருக்கும் அன்புத் தம்பி முஜிபுர் ரகுமானுக்கு அண்ணன் ஹபீப் ரகுமான் சலாம் சொல்லி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உன் மகள் நாதியா எழுத விடவில்லை.

புள்ளியியல் படித்த பெண், பெரியத்தா வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போகும் என்றிருந்தேன். காசநோய் முகாமோடு வந்து இறங்கினாள். இரண்டு வாரமாக இருமல் நிற்காத இருநூறு பேர், இருமலைக் கேட்டே நோயைச் சொல்லும் என்று முகாம்காரர்கள் நீட்டிய ஒரு செல்போனில் வரிசையாக இருமினோம். அது இருபது பேரைப் பிடித்தது. அவர்களுக்கு மட்டும் சளிப் பரிசோதனை செய்ததில் பதினெட்டுப் பேருக்கு நோய். எனக்கும் உன் மதினி பாத்திமுத்துவுக்கும் ஒன்றுமில்லை என்று போனே சொல்லிவிட்டது. அந்தப் போனைக் கொண்டுவந்த கம்பெனிக்காரர் பாண்டீஸ்வரன், "நோய் உள்ள ஒருத்தரையும் விடலைங்க!" என்றதும் எல்லோரும் கைதட்டினோம். நாதியா தட்டவில்லை. "மிச்சம் நூத்தியெண்பது பேருக்குச் சளியே பாக்கலையே, விடலைன்னு எப்புடிச் சொல்றீக?" என்றாள்.

அந்த நூற்றியெண்பதில் சீட்டுக் குலுக்கி முப்பது பேரை எடுத்தாள். அதில் உன் மதினி பெயரும் வந்தது. "நல்லா இருக்கவளை ஏம்மா சீக்காளியாக்குற?" என்று நான் போட்ட சத்தம் கண்டனூர் வரை கேட்டிருக்கும். மூன்றாம் நாள் முடிவு வந்தது. முப்பதில் இரண்டு பேருக்கு நோய்; ஒன்று பாத்திமுத்து. தம்பி, எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆரம்பம்தான், ஆறு மாத மாத்திரையில் சரியாகிவிடும் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள் உன் மகள். பிறகு என்னிடம் திரும்பி, "முப்பதுல ரெண்டுன்னா நூத்தியெண்பதுல பன்னெண்டு. பாக்காதவுகள்ல இன்னும் சுமாரா பத்துப் பேர் இருக்காக, பெரியத்தா" என்றாள்.

"மொகத்தையே பாக்காம எப்புடிம்மா சொல்ற?"

"யாருன்னு தெரியாது. எத்தனை பேருன்னு ஓரளவு தெரியுது."

எனக்குப் புல்லரித்துவிட்டது. முகாம்காரர்கள் வீடு வீடாகப் போய் மிச்சமிருந்த நூற்றைம்பதில் நூற்று நாற்பத்தொன்பது பேரிடம் சளி வாங்கினார்கள். ஒன்பது பேருக்கு நோய்! அல்லாஹ் இந்தப் பிள்ளைக்கு என்ன அறிவைக் கொடுத்திருக்கிறான்! ஆனாலும் கணக்கில் ஒன்று பிசகிவிட்டதே என்று கேலி செய்தேன். சளி கொடுக்காத அந்த ஒருவன் நான்தான். உன் மதினியைக் கவனிக்க வீட்டில் ஒரு திடமான ஆள் வேண்டாமா?

சுமையாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் துஆ. ஆண்டவன் உங்களை நோய்நொடி அண்டாமல் வைப்பானாக.

இப்படிக்கு,
ஹபீப் ரகுமான்

பின்குறிப்பு: "நீங்க சளி குடுக்காட்டி நான் மாத்திரை முழுங்க மாட்டேன்" என்று உன் மதினி உட்கார்ந்துவிட்டதால் கடிதம் மூன்று நாள் காத்திருந்தது. பத்தாவது ஆள் நான்தான். நாதியாவின் கணக்கைக் குறை சொன்ன வரியை அடித்துவிட்டுப் படி.